எட்டுக்குக் கீழே

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதை உன் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நோயாளிகளிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன மாதம் வந்தவர், "டாக்டர் கொஞ்சம் இளைச்சுட்டாரும்மா" என்றார். அவருக்கே நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறது. அந்த நிலையிலும் உன் உடம்பைக் கவனித்திருக்கிறார். கூடப்பிறந்த எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தக் கடிதத்தோடு வருபவர் எங்கள் தெருமுனையில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறதாம். ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. இதயம் நன்றாகவே வேலை செய்கிறது. சர்க்கரை உண்டு, கட்டுக்குள் இருக்கிறது. பைபாஸ் என்று சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "திறந்துட்டுத் திரும்பச் சரியா மூடுவாங்களாம்மா?" என் தம்பி நன்றாக மூடுவான் என்று தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

போனில் உன்னைப் பிடித்தால் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ "ம்... ம்..." என்கிறாய். அதற்கு எழுத்தே மேல். எங்கள் ஆம்புலன்ஸ் வாரம் ஒருமுறை அங்கே வருகிறது. பதிலை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு.

அத்தான் பேனாவைப் பிடுங்குகிறார்.

அன்புடன்,
அக்கா

மச்சான், காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவனுக்குத் தொண்டைதான் முதல். இரண்டு நாளாக அது கட்டிக்கொண்டுவிட்டது. உன் அக்கா வெந்நீர் குடி என்கிறாள். டாக்டரைக் கட்டிக்கொண்டதற்கு வெந்நீர்தான் மிச்சம். எப்போது வருகிறாய்? வந்தால் நீயும் நானும் அவளுக்குத் தெரியாமல் எண்ணெயில் பொரித்த எதையாவது சாப்பிடலாம்.
— அத்தான்


ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

பூட்டுக்காரர் நலம். இந்தக் கடிதத்தை அவரே கொண்டுவருகிறார். அடைப்பைச் சுற்றி ரத்தம் போக நாலு ஒட்டு போட்டிருக்கிறேன். கண் விழித்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்து, "மூடியாச்சா?" என்று நர்ஸிடம் கேட்டாராம். வார்டே சிரித்தது.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் பிரிவில் நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த முறை வந்துவிட்டது. இனி ஆபரேஷனுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயத்தின் பலம், முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பதில்களைப் போட்டால் கணினி ஓர் எண்ணைத் தரும். இதே நிலையில் நூறு பேர் மேசையில் படுத்தால் அதில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோவார்கள் என்பதுதான் அந்த எண். பூட்டுக்காரருக்கு ஒன்றரை. எண் பெரிதாக இருந்தால் கூடுதலாகப் பார்ப்போம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய்க்கு ஸ்கேன், கூட ஒரு மயக்க மருந்து டாக்டர், ஐ.சி.யூ.வில் தனிப் படுக்கை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய வண்டிக்கு விளக்குப் போட்ட மாதிரி.

நடையில் ஒரு பலகையும் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்ஜனுக்கும் இரண்டு கட்டம். எண்களின்படி எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மற்றது. இப்போதைக்கு என் கட்டம்தான் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் யாரிடம் பீற்றிக்கொள்வேன்?

அத்தானிடம் புகை பிடிப்பதை விடச் சொல். விட்டுவிட்டதாக அவர் சொன்னால் நம்பாதே.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒண்ணரை... ஒண்ணரை... யாராவது ரெண்டு கேக்கறீங்களா?" என்று ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். சிரித்தேன். ஆனால் அந்தப் பலகை எனக்கு என்னவோ செய்கிறது. சின்ன வயதில் மார்க் குறைந்தால் நீ இரண்டு வேளை சாப்பிட மாட்டாய். உன் கண்ணெதிரே தினமும் மார்க்கை மாட்டி வைத்த புண்ணியவான் யார்?

இந்த முறை வருபவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் பெண்மணி. வயது அறுபத்தொன்று. இரண்டு மாரடைப்பு ஆகிவிட்டது. இதயம் பாதிக்குக் கீழேதான் வேலை செய்கிறது. சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டேன், வலி நிற்கவில்லை. தைரியசாலி. கணவர் போய் ரொம்ப நாளாகிறது. மகள் வெளியூரில். "பேரனுக்குப் பேர் வைக்கிறவரைக்கும் ஓட்டிடுங்க டாக்டர், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். தான் ஓட்டுகிற வண்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் தன் உடம்பைப் பற்றியும் பேசுகிறார்.

கடினமான கேஸ்தான். நீ செய்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அவரைத் திருப்பி அனுப்புகிறேன். மன்னித்துக்கொள். எண் பதினொன்று வந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மருந்திலேயே வைத்துக்கொள். ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கிறேன்.

நானே உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். நூற்றில் பதினொரு பேர் என்றேன். "அப்ப மிச்சம் எண்பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரிப்போர்ட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

போன மாதம் எனக்கு இரண்டு பேர் போய்விட்டார்கள் அக்கா. இரண்டு பேருக்குமே எண் சிறியதுதான். பலகையில் என் கட்டம் சிவப்பாகிவிட்டது.  நடையில் என்னைக் கடந்து போகும்போது எல்லோருக்கும் கையிலிருக்கும் காகிதத்தில் ஏதோ படிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

பேருந்து ஓட்டும் பெண்மணி போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. காலையில் எஞ்சினைக் கிளப்பிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்திருக்கிறார். நல்லவேளை, பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை. முதலில் வந்த சிறுமி அவர் தூங்குவதாக நினைத்துப் பின்சீட்டில் போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

உன் மேல் கோபப்பட்டு எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறேன். நீ ஆபரேஷன் செய்து அவர் இறந்திருந்தால் உன் பலகையில் ஒன்று கூடியிருக்கும். செய்யாமல் அனுப்பியதால் இறந்தவர் எந்தக் கட்டத்தில் வருகிறார்? நான் தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. செய்தால் நூற்றில் பதினொரு பேர் என்று உன் கணினி சொன்னது. செய்யாவிட்டால் எத்தனை பேர் என்று அதை யாராவது கேட்டீர்களா?

எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நேற்று என்னிடம், "முன்னெல்லாம் போகும்போது நாலு பேர், வரும்போது காலி வண்டிம்மா. இப்ப அதே நாலு பேரும் கூடவே திரும்பி வர்றாங்க" என்றார். விகல்பமில்லாமல்தான் சொன்னார். 

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

 நீ கேட்ட கேள்வி இங்கே யார் மேசையிலும் இல்லை.

நிலைமையைச் சொல்கிறேன். இப்போது ஒரு குழு போட்டிருக்கிறார்கள். எட்டுக்கு மேல் எண் வந்தால் குழு அனுமதிக்காமல் யாரும் கத்தியைத் தொடக் கூடாது. அனுமதி கேட்டுப் போகவும் யாருக்கும் தைரியம் இல்லை. எங்களில் இடக்கையால் ஆபரேஷன் செய்யும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். இடக்கையர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் போய் வாதாடுகிறார். ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சம், அவரை யார் என்ன செய்ய முடியும்? என்னைப் போன்றவனால் அது முடியாது.

இன்னொன்று. எண்ணில் பாதி விஷயம் ஊர் டாக்டர்கள் நீங்கள் எழுதி அனுப்பும் கடிதத்தில்தான் இருக்கிறது. நீ எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறாய். எப்போதோ வந்த மூச்சிரைப்பு, எப்போதோ ஏறி இறங்கிய சிறுநீரக அளவு. மற்ற ஊர் டாக்டர்கள் அப்படி எழுதுவதில்லை. அவர்கள் அனுப்பும் நோயாளிகள் எல்லோரும் எட்டுக்குக் கீழேதான் வருகிறார்கள். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்குப் புரியும்.

தம்பி


மே 19

அன்புத் தம்பிக்கு,

இதை ஓட்டுநர் உன் கையில் மட்டும்தான் கொடுப்பார். வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கு முந்தாநாள் சந்தையில் வலி வந்துவிட்டது. ஏலத்தின் நடுவில் குரல் நின்றுபோயிருக்கிறது. விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்களாம். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் தூக்கி வந்தார்கள். உடனே ஆஞ்சியோ எடுத்தோம். இதயத்தின் இடப்பக்கத்துத் தாய்க்குழாயில் நூல் போகிற அளவுதான் வழி இருக்கிறது. ஸ்டென்ட் வைக்க முடியாத வளைவு. பைபாஸ்தான் செய்ய வேண்டும். இப்படியே விட்டால் இன்றா நாளையா என்று நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உன் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். வயது, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் சேர்த்து ஐந்து. ஆனால் நாலு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்ததே, வாய் கோணி வலது கை மரத்துப்போய்க் கிடந்தாரே, நீதான் ஓடிவந்து கூட இருந்தாய். இப்போது சுவடே தெரியாது. ஆனாலும் அதைச் சேர்த்தால் ஒன்பதைத் தாண்டுகிறது.

ஒன்பது என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் திரும்பி வரும்.

அதனால் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த தாளில் இருப்பது குழுவுக்கு. அதில் பக்கவாதம் இல்லை. இது உனக்கு. சொந்தக்காரருக்கு நீ ஆபரேஷன் செய்ய விடமாட்டார்கள் என்று தெரியும். யார் செய்கிறாரோ அவரிடம் நீ தனியாகச் சொல்லிவிடு. குழுவுக்குத் தெரிய வேண்டாம். கத்தியைப் பிடிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கழுத்துக் குழாயைப் பார்க்காமல் அவரை மேசையில் ஏற்ற விடாதே. இந்த ஒன்றை மட்டும் செய், போதும்.

அத்தானிடமும் சொல்லிவிட்டேன், யார் கேட்டாலும் பக்கவாதத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று. அந்த வலியிலும் சிரிக்கிறார். "அழுகினதைக் கூடைக்கு அடியில வெச்சு நல்லதை மேல அடுக்கிக் கொண்டு வர்றவனை ஆயுசு பூரா திட்டியிருக்கேன். இப்ப நானே அந்தக் கூடையா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியைப் பற்றி நான் பொய் எழுதியதில்லை. குழுவுக்கான கடிதத்தை ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தேன். அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஒன்றைக் குழுவில் வைத்தேன். மற்றதைக் கிழித்துப்போட்டேன். நீயும் இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஐந்து என்று வந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுமதித்தார்கள். இடக்கையர் செய்கிறார். அவர் கை தங்கமான கை. வியாழக்கிழமை காலை முதல் கேஸ். புதன்கிழமையே அத்தானை அழைத்துக்கொண்டு வந்துவிடு.

இடக்கையரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ எதற்கும் கவலைப்படாதே.

அன்புடன்,
தம்பி


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஐ.சி.யூ. வாசலில் இருந்த அத்தனை நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானை அழைத்துக்கொண்டு போனபோது நான் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ ஓட்டுநரிடம், "கதவைச் சாத்துங்க, காத்து அடிக்குது" என்றாய். என் விரல் அதில் இருந்ததை நீ பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

ஆபரேஷன் அன்று காலை இடக்கையரைத் தேடிப் போனேன். சொல்வதற்குத்தான் போனேன், நம்பு. அவர் ஆபரேஷன் அறைக்கு வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னய்யா, அத்தான்னதும் முகம் வெளுத்துப் போச்சு? அஞ்சுதானே, பயப்படாதே" என்றார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஒரேயடியாகத் தோன்றியது. சொன்னால் ஆபரேஷனை நிறுத்துவார். கேஸ் திரும்பக் குழுவுக்குப் போகும். அடுத்த வாரம்தான் கூடுவார்கள். ஒன்பதைப் பார்த்தால் மறுப்பார்கள். அதற்குள் அத்தான் போய்விடுவார். இதெல்லாம் தோன்றியது உண்மை. உன் கடிதம் பொய் என்று தெரிந்தேதான் குழுவில் வைத்தேன் என்பது வெளியே வரும் என்று தோன்றியதும் உண்மை. எது முதலில் தோன்றியது என்று என்னைக் கேட்காதே. "ஆமா சார், அஞ்சுதான்" என்றேன்.

எட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கழுத்துக் குழாய் ஸ்கேன் கிடையாது. வரிசை நீளம் என்று நிறுத்திவிட்டோம். அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆபரேஷன் நடுவில் ரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் இறங்கியது. எல்லோருக்கும் இறங்குவதுதான், ஐந்து உள்ளவர் தாங்கிக்கொள்வார் என்று விட்டார்கள். அத்தானின் இடப்பக்கக் கழுத்துக் குழாய் கிட்டத்தட்ட அடைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மூளையின் அந்தப் பக்கத்துக்கு ரத்தம் போகவில்லை. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

இதயம் நன்றாக இருக்கிறது. ஒட்டுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரு மாதம் தாண்டி உயிரோடு இருப்பதால் எங்கள் கணக்கில் அத்தான் பிழைத்தவர். பலகையில் அது வெற்றி.

இன்னொரு செய்தியும் உனக்குத் தெரிய வேண்டும். ஐந்து உள்ளவருக்கே இப்படி ஆகிறதென்றால் எல்லை போதாது என்று குழு முடிவு செய்துவிட்டது. எட்டாக இருந்ததை ஆறாகக் குறைத்துவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழுவுக்கு நீ எழுதிய கடிதம் அப்படியே இருக்கட்டும். இனி அதைக் கிளறுவதால் அத்தானுக்குப் பேச்சு வரப்போவதில்லை. உன் வேலை, என் வேலை, இரண்டும் போகும். நாம் செய்தது அவரைக் காப்பாற்றத்தான்.

நான் வந்து அவரைப் பார்க்கலாமா?

தம்பி


ஜூலை 29

அக்கா,

பதில் இல்லை. ஓட்டுநரிடம் கேட்டேன், "அம்மா எதுவும் குடுக்கலை சார்" என்றார்.

இந்த மாதம் மட்டும் உன் ஊரிலிருந்து வந்த ஏழு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஏழு பேருக்கும் நீ ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். பழையபடி. கையெழுத்தைப் பார்த்தாவது நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

திருப்பி அனுப்பிய ஏழு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவருக்கு எண் ஆறரை. எல்லை எட்டாகவே இருந்திருந்தால் அவரை எடுத்திருப்பீர்கள். அவர் மனைவி ரிப்போர்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "இதையெல்லாம் இனிமே என்ன பண்றதும்மா?" என்று கேட்டார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லை ஏன் ஆறாகியது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் எழுதிய ஐந்தை நம்பித்தான் உங்கள் குழு அந்த முடிவை எடுத்தது.

அன்று சாயங்காலமே குழுவுக்கு எழுதிவிட்டேன். அத்தானின் உண்மையான எண் என்ன, நான் எதை மறைத்தேன், உனக்குத் தனியாக என்ன எழுதினேன், எல்லாவற்றையும். உன் பெயரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். இடக்கையருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

அவர் நேரில் வந்தார். முன்பின் சொல்லாமல், தானே வண்டி ஓட்டிக்கொண்டு. அத்தானின் கட்டிலருகே உட்கார்ந்தார். கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். என்னைக் கடிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். போகும்போது வாசலில் நின்று, "எண் பெருசா இருந்திருந்தா நான் பயந்திருப்பேம்மா. பயந்திருந்தா பார்த்திருப்பேன்" என்றார். பிறகு, "குழுகிட்ட சண்டை போட்டு நானே எடுத்திருப்பேனே. ஒன்பதுக்கெல்லாம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன். உங்க தம்பிக்கு அது தெரியுமே" என்றார்.

உனக்கு அது தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், நீதான் எழுதியிருந்தாயே. நம் இருவருக்குமே அவரைக் கேட்கத் தோன்றவில்லை.

விசாரணைக்கு உன்னையும் அழைப்பார்கள், என்னையும் அழைப்பார்கள். என் கையெழுத்தை இப்போது அங்கே ஏற்பதில்லை. என் நோயாளிகளுக்குப் பக்கத்து ஊர் டாக்டர் எழுதித் தருகிறார். எல்லையை மறுபடி எட்டாக்குவது பற்றிப் பேசுகிறார்களாம். திருப்பி அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் இனிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இடக்கையர் கேட்டிருக்கிறார். நடக்குமா என்று தெரியாது.

அத்தானிடமும் சொல்லிவிட்டேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை, நீ குழாயடியில் சொன்னதுவரை. அவருக்குப் பேச்சுத்தான் வராது, கேட்பதெல்லாம் புரிகிறது. கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார், வலித்தது. கோபமா, ஆறுதலா, வேறு ஏதாவது சொல்ல வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது சொல்லாகவில்லை. அவர் என்னை மன்னித்தாரா இல்லையா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அதோடுதான் நான் இருந்தாக வேண்டும்.

மறுநாள் அலமாரியில் இருக்கும் உன் போட்டோவைக் காட்டிக் கையை அசைத்தார். நான் புரியாத மாதிரி இருந்தேன். மூன்று நாளாகக் காட்டுகிறார். உன்னை வரச் சொல்கிறார். அணைத்துக்கொள்ளவா அறையவா என்று அதையும் நீ வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் வா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாள் முழுக்க வார்டு வேலை. அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் கதவைத் திறப்பாள். அவருக்குத் தண்ணீர் கொடுப்பதானால் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கரண்டியால் கொடு, புரையேறும். மத்தியானம் தூங்கிவிடுவார். அதற்குமேல் இருக்காதே.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வரலாம். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் வராதே. மேசை மேல் எனக்கு எதுவும் எழுதி வைத்துவிட்டுப் போகாதே.

இப்படிக்கு,
அவர் மனைவி